பழைய மெத்தையைப் பிரித்துப் படித்தோம்

கடலூரிலிருந்து சிதம்பரம் பக்கத்துப் பள்ளிக்குத் தினமும் பேருந்தில் போய்வருகிறேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எனப் பழகிப்போன வழி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கடந்து, தென்பெண்ணையில் வந்த வெள்ளம் வடிந்து, பள்ளி திறந்த அன்று அந்த வழி வேறு மாதிரி இருந்தது. சாலையோரம் எங்கு பார்த்தாலும் மெத்தைகள். சேறு அப்பிய, தண்ணீர் சொட்டும் மெத்தைகள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பதினேழு எண்ணினேன். அதன்பிறகு எண்ணவில்லை. ஓர் இடத்தில் இரண்டு மெத்தைகள் வடிகால் வாய்க்காலின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தன. இன்னோர் இடத்தில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

அன்று எட்டாம் வகுப்பில் பாடத்தைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டேன். "ரோட்டோரம் கிடக்கிற மெத்தை மக்கும் குப்பையா, மக்காத குப்பையா?"

பாதி வகுப்பு 'மக்கும்' என்றது. பாதி 'மக்காது' என்றது. கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், பஞ்சு மக்கும், ஸ்பிரிங் மக்காது. அப்ப மெத்தைய நடுவுல வெட்டி ரெண்டு தொட்டியிலயும் போடணுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். வாழைப்பழத் தோலும் பிஸ்கட் உறையும் அந்தப் பாடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மெத்தை அடங்கவில்லை. அந்த மாணவியின் கேள்வியிலிருந்துதான் இங்கே எழுதும் ஐந்து பாடவேளைகள் உருவாயின.

முதலில் என் தவறு

இந்தப் பாடத்தை நடத்த எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. 2015 மழையில் கடலூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு ஃபோம் மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டோம். பத்து நாளாகியும் காயவில்லை, நாற்றம்தான் கூடியது. குப்பை வண்டியில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பக்கத்துக் காலி மனையில் போட்டு நானே தீ வைத்தேன்.

கறுப்புப் புகை சுருண்டு எழுந்தது. மெத்தை உருகிச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு இழுப்பு உண்டு. அவர் சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. "அம்மா, ரப்பர், பிளாஸ்டிக்கெல்லாம் எரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுக்கிறீங்க?" என்றாள். நான் அறிவியல் ஆசிரியை. பதில் சொல்ல முடியவில்லை.

பாடத்தின் தொடக்கத்தில் இதை மாணவர்களிடம் அப்படியே சொன்னேன். ஆசிரியர் தன் தவறை ஒப்புக்கொண்டால் மரியாதை குறையும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. நடந்தது வேறு. "எங்க வீட்டுலயும் எரிச்சோம் டீச்சர்" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பாடம் அங்கே தொடங்கிவிட்டது.

பாடத் திட்டம்

வகுப்பு: 6 முதல் 8 வரை. பாடவேளைகள்: ஐந்து.

கற்றல் விளைவுகள்:
1. ஒரு பொருளில் கலந்துள்ள மூலப்பொருள்களை இனம் காணுதல்.
2. இயற்கை இழை, செயற்கைப் பலபடி இரண்டின் பண்புகளைச் சோதனை மூலம் ஒப்பிடுதல்.
3. கன அளவு, எடை, அடர்த்தி ஆகியவற்றை நடைமுறைச் சிக்கலில் பயன்படுத்துதல்.
4. பழைய பொருளுக்கு உள்ள வழிகளை வரிசைப்படுத்தி, காரணத்துடன் முடிவெடுத்தல்.

தேவையானவை: இலவம் பஞ்சு, தென்னை நார் மெத்தைத் துண்டு, ஃபோம் துண்டு, பழைய ஸ்பிரிங், உறைத் துணி, வாளியில் தண்ணீர், சிறிய தராசு, அளவு நாடா. தையல் கடை, மெத்தைக் கடை, காயலான் கடை மூன்றிலும் கேட்டால் துண்டுகளைச் சும்மாவே தருவார்கள்.

செயல்பாடு 1: எதில் படுக்கிறோம்?

"உங்கள் வீட்டில் என்ன மெத்தை இருக்கிறது?" என்று வீட்டுக் கணக்கெடுப்புக்குத் தாள் கொடுத்தேன். மறுநாள் நான்கு பேர் வெற்றுத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் மெத்தை கிடையாது. கேள்வியே தவறு என்று அப்போதுதான் உறைத்தது.

கேள்வியை மாற்றினேன்: "உங்கள் வீட்டில் படுப்பதற்கு என்னென்ன பயன்படுகின்றன? அவை எதனால் ஆனவை? பழையதானதும் என்ன ஆகின்றன?" இப்போது கோரைப்பாய், ஜமுக்காளம், கயிற்றுக் கட்டில், அம்மாவின் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு எல்லாம் வந்தன. கரும்பலகையில் முதல் வரியில் கோரைப்பாயை எழுதினேன். கிழிந்த பாய் என்ன ஆகிறது? மிளகாய் காயவைக்க, ஆட்டுக்கொட்டகையில் தடுப்பாக, கடைசியில் மண்ணோடு மண்ணாக. பழையதானால் ஊருக்குச் சுமையாகாத படுக்கை எது என்ற கேள்விக்கு, முதல் நாள் வெற்றுத்தாள் கொடுத்த மாணவன்தான் கை தூக்கினான்.

ஆசிரியர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பொருள்களைப் பற்றிய கணக்கெடுப்பு எளிதில் வசதியைப் பற்றிய கணக்கெடுப்பாக மாறிவிடும்.

செயல்பாடு 2: தொட்டு, நனைத்து, எடைபோட்டு

நான்கு குழுக்கள், நான்கு பொருள்கள். ஒவ்வொன்றையும் தொட்டும் அழுத்தியும் பார்த்துக் குறிப்பெடுத்த பிறகு, 10 கிராம் எடையுள்ள துண்டைத் தண்ணீரில் போட்டார்கள்.

இலவம் பஞ்சு மிதந்தது. பாடவேளை முடியும்வரை மிதந்துகொண்டே இருந்தது. இலவம் இழையின் உள்ளே குழாய்போல் வெற்றிடம் உண்டு, வெளியே மெழுகுப் பூச்சும் உண்டு. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு மிதவைகளுக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள் என்று சொன்னதும், பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வாளியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். 'இலவு காத்த கிளி' பழமொழியும் இங்கே இடம் பிடித்தது. பழுக்கும் என்று கிளி காத்திருந்த காய்தான் வெடித்துப் பஞ்சாகி நம் தலையணைக்குள் வந்திருக்கிறது. தமிழாசிரியர் அடுத்த பாடவேளையில் அதைத் தொடர்ந்தார்.

ஃபோம் துண்டு நேர்மாறு. அழுத்திவிட்டதும் தண்ணீரை உறிஞ்சி மூழ்கியது. வெளியே எடுத்து எடைபோட்டால் 150 கிராமுக்கும் மேல். தன் எடையைப் போலப் பதினைந்து மடங்கு. இது பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பலபடி. ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937-இல் இந்த வகைப் பலபடியை உருவாக்கினார்கள். நுரைபோல் பொங்கவைத்து இறுகச் செய்வதால் உள்ளே எங்கும் காற்றறைகள்.

நார் மெத்தைத் துண்டைப் பார்த்ததும் "இது தென்னை நார், மக்கும்" என்றார்கள். விரலால் பிரிக்கச் சொன்னேன். எளிதில் பிரியவில்லை. நாரின் மேல் ரப்பர் பால் தெளித்து ஒட்டியிருக்கிறார்கள். தனி நார் என்றால் தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போடலாம். ரப்பரோடு ஒட்டிய நார் உரக்குழியில் அவ்வளவு எளிதில் மக்காது. பார்வைக்கு இயற்கையாக இருப்பதெல்லாம் மக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதை அவர்கள் விரல்களே கண்டுகொண்டன.

ஸ்பிரிங் எஃகு. காயலான் கடையில் விலை உண்டு. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செயல்பாடு 3: ஒரு மெத்தைக் கணக்கு

6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலம் கனம் உள்ள ஃபோம் மெத்தையின் கன அளவு என்ன? 4 அங்குலம் மூன்றில் ஒரு அடி. ஆகவே 6 கன அடி, அதாவது ஏறத்தாழ 170 லிட்டர். இத்தகைய மெத்தை காய்ந்திருக்கும்போது ஐந்தாறு கிலோதான். பாதியளவு தண்ணீர் ஏறினால்? 85 லிட்டர் தண்ணீர், 85 கிலோ.

இந்த விடை வந்ததும் வகுப்பு அமைதியானது. வெள்ளத்துக்குப் பிறகு தூய்மைப் பணியாளர் இருவர் ஒரு மெத்தையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போனதைப் பலர் பார்த்திருந்தார்கள். "மழைக்கு முன்னாடியே குடுத்திருந்தா ஒரு ஆளே தூக்கியிருக்கலாம்" என்றான் ஒருவன். எங்கள் திட்டத்தின் மையக் கருத்து அந்த ஒரு வரிதான்.

அடுத்த கணக்கு: 300 வீடுகள் உள்ள ஊரில் வீட்டுக்கு ஒரு மெத்தை வெளியே வந்தால் 1,800 கன அடி. எங்கள் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி. அறையில் ஏறத்தாழ பாதி நிரம்பிவிடும். இதில் பெரும்பகுதி காற்று. அடர்த்தி என்ற சொல்லை இதைவிட நன்றாக விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

செயல்பாடு 4: மெத்தை தைக்கும் தாத்தா

அறுபது வயதைத் தாண்டிய மெத்தைத் தொழிலாளி ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம். சிறுவயதில் தோளில் வில்லைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் பஞ்சு அடித்தவர். இப்போது மோட்டார் இயந்திரம் வைத்திருக்கிறார். வில்லின் நாணைக் கட்டையால் தட்டினால் அது அதிரும். அந்த அதிர்வு கட்டிப்போன பஞ்சை இழை இழையாகப் பிரிக்கும். அவர் வாயாலேயே 'டொய்ங் டொய்ங்' என்று ஒலித்துக் காட்டியபோது, ஒலி பாடத்தின் பாதி முடிந்தது.

"தாத்தா, பழைய மெத்தைய என்ன செய்வீங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"பஞ்சு மெத்தைன்னா பழசுன்னு ஒண்ணு கிடையாதும்மா. பிரிச்சு, வெயில்ல போட்டு, அடிச்சு, தூசிய எடுத்துட்டு, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில தைச்சா மறுபடி மெத்தைதான். மெத்தைக்குப் பத்தலைன்னா தலையணை. தலையணைக்கும் பத்தலைன்னா திண்டு" என்றார்.

மறுபயன்பாடு, மறுசுழற்சி என்று பாடநூலில் படிப்பதை அவர் தொழிலாகச் செய்துகொண்டிருக்கிறார். போடிநாயக்கனூர் பகுதியிலிருந்து இலவம் பஞ்சு வருவதையும், ஆண்டுக்கு ஆண்டு வேலை குறைவதையும் சொன்னார். "இந்த ஃபோம எங்கிட்ட கொண்டாந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று கையை விரித்தார்.

செயல்பாடு 5: எது எங்கே போகும்?

மாணவர்கள் கடை கடையாகக் கேட்டு வந்து ஒரு சுவரொட்டி தயாரித்தார்கள். அதன் வரிசை இது.

முதலில், உறை மட்டும் கிழிந்திருந்தால் உறையை மாற்று. வெயிலில் போடு, திருப்பிப் போடு. மெத்தையின் ஆயுள் கூடும்.

பஞ்சு மெத்தை: மெத்தை தைப்பவரிடம் கொடுத்துப் புதுப்பி.

ஸ்பிரிங் மெத்தை: பெரியவர்கள் பிரித்து, எஃகைக் காயலான் கடையில் போடலாம்.

உறைத் துணி: சுத்தமாக இருந்தால் கால்மிதி, பை, துடைக்கும் துணி.

நல்ல நிலையில் உள்ள ஃபோம்: வெட்டி இருக்கைத் திண்டு, கண்ணாடிப் பொருள்களுக்கு அடைப்பு, நாய்க்குப் படுக்கை.

சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறியது, மூட்டைப்பூச்சி பிடித்தது: யாருக்கும் கொடுக்காதே. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உள்ளாட்சியிடம் சொல்லி ஒப்படை.

எதையும் வாய்க்காலில் போடாதே, எரிக்காதே.

கடைசி வரிக்குக் காரணம் கேட்டார்கள். பாலியூரித்தேன் ஃபோம் திறந்த வெளியில் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். இரண்டும் நச்சு வாயுக்கள். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தெருவிலோ நீர்நிலையிலோ வீசவும் எரிக்கவும் புதைக்கவும் தடை விதித்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீட்டுத் தொகையை விதித்தது. வாய்க்காலில் போட்ட ஃபோம் துணுக்குத் துணுக்காக உதிரும். எங்கள் பகுதி நீர் எல்லாம் கடைசியில் வங்கக் கடலுக்குத்தான் போகிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடும் பரங்கிப்பேட்டை முகத்துவாரமும் அந்த வழியில்தான் இருக்கின்றன. வரைபடத்தில் விரல் வைத்து இந்த வழியைத் தொடரச் சொல்லுங்கள். சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொள்ளலாம்.

விடை கிடைக்காத ஃபோம்

எல்லாவற்றுக்கும் வழி கிடைத்தபோது பழைய ஃபோமுக்கு மட்டும் எங்கள் ஊரில் நல்ல வழி கிடைக்கவில்லை. இதை மாணவர்களிடம் மறைக்கவில்லை. பழைய ஃபோமைத் துணுக்குகளாக்கி, பசை சேர்த்து அழுத்தி, மீண்டும் மெத்தைப் பலகையாக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் எடை கொஞ்சம்தான். காற்றை ஏற்றிச்செல்ல யார் டீசல் செலவு செய்வார்?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2013-இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். புது மெத்தை வாங்கும்போதே ஒரு சிறு கட்டணம். அந்தப் பணத்தில் பழைய மெத்தைகளைச் சேகரித்து, எஃகு, ஃபோம், துணி, மரம் எனப் பிரிக்கிறார்கள். நம் நாட்டில் மின்னணுப் பொருள், மின்கலம், டயர் ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்கும் விதிகள் வந்துவிட்டன. மெத்தை அந்தப் பட்டியலில் இல்லை. சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் பழைய மெத்தை, சோபா போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீடு தேடி வந்து எடுக்கத் தொடங்கியது. மறுசுழற்சிக்கு உதவாத, எரியக்கூடிய உலர்கழிவைத் தமிழ்நாட்டின் பல உள்ளாட்சிகள் அரியலூர் பகுதி சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகின்றன.

"அங்க எரிக்கலாம், நம்ம தெருவுல எரிக்கக் கூடாதா டீச்சர்?" என்று கேள்வி வந்தது. நல்ல கேள்வி. சிமெண்ட் உலையின் உள்ளே வெப்பநிலை 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல். போதிய ஆக்சிஜனும் உண்டு, புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் உண்டு. தெருவில் வெப்பமும் போதாது, காற்றும் உள்ளே போகாது. முழுமையான எரிதல், முழுமையற்ற எரிதல் இரண்டையும் இங்கே விளக்கலாம்.

கிராம சபையில் ஒரு கடிதம்

எங்கள் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆண்டுக்கு ஒரு நாள், ஊரில் உள்ள பழைய மெத்தை போன்ற பெரிய கழிவுகளை மேட்டு நிலத்தில் சேகரிக்க வேண்டும். மே தினக் கிராம சபையில், விடுமுறையிலும் வந்திருந்த ஆறு மாணவர்கள் அதை வாசித்தார்கள். 85 கிலோ கணக்கையும் சொன்னார்கள். கூட்டத்தில் இருந்த தூய்மைக் காவலர் அம்மா ஒருவர், "இதத்தான் நாங்க எத்தன வருஷமா சொல்றோம்" என்றார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை டிராக்டர் வந்தது. இருபத்து மூன்று மெத்தைகள் சேர்ந்தன. பஞ்சு மெத்தைகளைத் தாத்தா எடுத்துக்கொண்டார். ஸ்பிரிங்குகள் காயலான் கடைக்குப் போயின. ஒன்பது ஃபோம் மெத்தைகள் தார்ப்பாய் மூடி, காய்ந்த நிலையில், ஊராட்சிக் கொட்டகையில் இருக்கின்றன. அவற்றை அனுப்ப இன்னும் வழி கிடைக்கவில்லை. ஆனால் இந்த மழையில் அவை வாய்க்காலில் கிடக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

மாணவர்களைப் பழைய மெத்தையைப் பிரிக்கவிடக் கூடாது. தூசி, பூஞ்சை, துருப்பிடித்த கம்பி என ஆபத்துகள் உண்டு. சுத்தமான சிறு துண்டுகளே போதும். பஞ்சைக் கையாளும்போது முகக்கவசம் வேண்டும். இழுப்பு உள்ள பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டு அறிந்து, தள்ளி அமர்த்துங்கள். எந்தத் துண்டையும் எரித்துக் காட்டாதீர்கள்.

தொடக்க வகுப்புகளில் தொட்டுணர்தல், மிதக்கும் – மூழ்கும், சாண் அளவால் பாயை அளத்தல் ஆகியவை எண்ணும் எழுத்தும் வகுப்புக்கே பொருந்தும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பலபடிகளும் அடர்த்திக் கணக்கும்.

மதிப்பீட்டுக்கு எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. செருப்பு, குடை, பள்ளிப் பை மூன்றில் ஒன்றை எடுத்து, "இதில் என்னென்ன இருக்கிறது? பழையதானால் ஒவ்வொன்றும் எங்கே போகும்? அடுத்த முறை வாங்கும்போது எதைப் பார்ப்பாய்?" என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன். குடையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கம்பி, துணி, பிளாஸ்டிக் பிடி என்று பிரித்ததோடு நிற்கவில்லை. குடை ரிப்பேர் செய்பவர் எந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் எழுதியிருந்தார்கள்.

மெத்தையை நடுவில் வெட்ட வேண்டுமா என்று கேட்ட மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் என்னை வழியில் நிறுத்தி, "டீச்சர், அக்கா கல்யாணத்துக்கு மெத்தை வாங்கணும். ஃபோம்தான் வேணும்னு அக்கா சொல்லிச்சு. நான் இலவம் பஞ்சுன்னு சொல்லி ரெண்டு நாளா சண்டை" என்றாள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். "இன்னும் முடியல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.